மழை பெய்யாத இகாவில் திராட்சை: எது பாரம்பரியம், எது நவீனம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெரு நாட்டின் இகா பாலைவனத்தில் ஒரு குடும்பம் தொடங்கித் தலைமுறைகளாக நடத்திவரும் ஒயின் ஆலையைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். பாரம்பரியத்தையும் நவீன முறைகளையும் கலந்து செய்கிறோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். மழையே இல்லாத இடத்தில் திராட்சை எப்படி விளைகிறது, அந்தக் கலவையில் நிஜம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இப்படிப்பட்ட ஓர் ஆலையை எதை வைத்து மதிப்பிடுவது? நான் திராட்சை வேளாண்மை படித்தவன், வறண்ட நிலப் பாசனத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். அதனால் கொடி, மண், தண்ணீர் பற்றி உறுதியாகப் பேசுவேன். சுவை பற்றிப் பேசும்போது அந்த உறுதி எனக்குக் கிடையாது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆலைகளுக்குப் போகிறவர்கள் பளபளக்கும் எஃகுத் தொட்டிகளையும் பழைய மண்ஜாடிகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை.

இகா, லிமாவுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடலில் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம், மறுபக்கம் ஆண்டிஸ் மலைத்தொடர். குளிர்ந்த கடலின் மேல் இருக்கும் காற்று மேலெழும்பி மழை மேகமாவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை மலை தடுத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சில மில்லிமீட்டர் மழைதான். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 10 கனமீட்டர் தண்ணீர். திராட்சைக்கு ஓர் ஆண்டில் ஹெக்டேருக்குப் பல ஆயிரம் கனமீட்டர் வேண்டும். ஆக, இங்கே மழையைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. கொடி குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

ஆனால் வறட்சி கொடிக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மழையும் ஈரமும் உள்ள ஊர்களில் ஒயின் விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பவை அடிச்சாம்பல் நோயும் அறுவடை நேரத்துக் குலை அழுகலும். இலை நனையாத இடத்தில் இவை அதிகம் தலைகாட்டுவதில்லை. வேறொரு பூஞ்சை நோயான சாம்பல் நோய் மட்டும் ஈரமில்லாமலேயே வரும், அதற்கு மருந்து அடிக்கத்தான் வேண்டும். மணற்பாங்கான மண்ணில் வேர்முடிச்சு நூற்புழுவும் பெரிய தொல்லை. மற்றபடி பூ எப்போது, காய் எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று எல்லாவற்றையும் விவசாயியே தீர்மானிக்கலாம். மழையை நம்பி வாழும் ஐரோப்பியத் தோட்டக்காரருக்கு இந்த வசதி இல்லை.

தண்ணீருக்கு வருவோம். இகா ஆறு ஆண்டில் சில மாதங்கள்தான் ஓடும். ஆண்டிஸ் மலையில் மழைக்காலம் வரும்போது, ஜனவரியை ஒட்டி, கலங்கிய செந்நீராக இறங்கி வரும், பிறகு வற்றிவிடும். இந்தக் குறுகிய கால நீரைப் பிடித்து வயலுக்குத் திருப்புவதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் ஆதித் திறமை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் லா அச்சிரானா கால்வாய் இன்றும் ஓடுகிறது. இன்கா அரசன் பச்சகூதி ஒரு பெண்ணுக்காக அதை வெட்டிக் கொடுத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அது கதைதான். கால்வாய் மட்டும் கதை இல்லை, அதை நம்பித் தோட்டங்கள் இருக்கின்றன. பின்னாளில், மலை மேலே உவங்காவெலிகா பகுதியில் இருக்கும் சோக்லோகோச்சா ஏரித் தண்ணீரையும் இந்த ஆற்றுக்குத் திருப்பினார்கள். இதனால் மலைமேல் வாழும் மேய்ச்சல் சமூகங்களுக்கும் இகாவுக்கும் இடையே இன்றுவரை மனக்கசப்பு இருக்கிறது. ஒரு குடும்ப ஆலையின் பாரம்பரியம் என்று பேசும்போது அந்தச் சமூகங்களின் பங்கும் அதில் கலந்திருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குடும்பம் என்ற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திராட்சை பெருவுக்கு 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தது. இன்று நீங்கள் கேள்விப்படும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விஸ்தா அலெக்ரே ஆலை 1857-இல் இத்தாலியிலிருந்து வந்த பிக்காசோ சகோதரர்கள் தொடங்கியது. கேய்ரோலோ குடும்பமும் இத்தாலிய வம்சாவளிதான். 1880-இல் லிமாவில் தொடங்கினார்கள், பின்னர் இகாவில் தோட்டம் போட்டார்கள். தகாமா பண்ணை 1889 முதல் ஓலாயெச்சியா குடும்பத்தின் கையில் இருக்கிறது, ஆனால் அதன் தோட்டம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. இங்கே திராட்சைத் தொழில் நேர்கோட்டில் வளர்ந்து வரவில்லை. 1687 நிலநடுக்கத்தில் இந்தக் கடலோரத்தின் கிடங்குகளும் மண்ஜாடிகளும் நொறுங்கின. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியபோது பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பருத்தி போட்டார்கள். 1969-இல் ஹுவான் வெலாஸ்கோ அல்வராதோ அரசின் நிலச் சீர்திருத்தத்தில் பெரிய பண்ணைகள் பலவும் உடைந்தன. 2007 ஆகஸ்டில் 8.0 அளவு நிலநடுக்கம் பிஸ்கோ, இகா ஆகிய இரண்டு ஊர்களையும் உலுக்கியது. அறுபடாத பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விட்டுவிட்டு மறுபடி பிடித்ததுதான் இங்கே பாரம்பரியம், அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

பாடப்புத்தகங்கள் ஒயின் திராட்சைக்குரிய பகுதி 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அட்சரேகை என்று சொல்லும். இகா 14 டிகிரி தெற்கில் இருக்கிறது, அதாவது வெப்பமண்டலத்துக்குள். குளிர்கடலும் உயரமும் வெயிலை ஓரளவு அடக்குகின்றன. ஆனால் குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்று வருவதில்லை. திராட்சைக்கொடி ஓய்வெடுக்க வேண்டும். அப்போதுதான் மொட்டுகள் ஒரே சமயத்தில் வெடிக்கும். குளிர் போதாவிட்டால் சில மொட்டு முன்னாடி, சில பின்னாடி, சில கண் திறக்கவே திறக்காது. ஒரே கொடியில் பழுத்த குலையும் பச்சைக் குலையும் சேர்ந்து தொங்கும். வெப்பநாடுகளில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: குளிர்ந்த மாதங்களில் தண்ணீரை நிறுத்திக் கொடியைக் காயப்போட்டு, பிறகு கடுமையாகக் கவாத்து செய்து, ஒரேயடியாகத் தண்ணீர் விடுவது. புதிய வழி, கவாத்து முடிந்ததும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை மொட்டுகளில் பூசுவது. மொட்டுகள் சீராக வெடிக்கும், அறுவடைத் தேதியையும் கணிக்கலாம். ஆனால் அது நச்சு. அதைக் கையாண்ட தொழிலாளி முன்போ பின்போ மது அருந்தினால் முகம் சிவந்து, தலை கடுமையாக வலித்து, நெஞ்சு படபடத்து மருத்துவமனைக்குப் போக நேரலாம். ஒயின் ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதன் அனுமதியை விலக்கிக்கொண்டது. நவீனம் என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும், யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி சொட்டு நீர். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். சொட்டு நீரின் பலன்கள் உண்மையானவை. வேருக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் விழும். ஆவியாகி வீணாவது குறையும், களை குறையும், உரத்தையும் கூடவே கரைத்து அனுப்பலாம். ஒயினுக்கு இன்னொரு பெரிய பலனும் இருக்கிறது. காய் பிடித்ததிலிருந்து நிறம் மாறத் தொடங்கும் வரை தண்ணீரைக் கணக்கிட்டுக் குறைத்தால் பழம் சிறியதாகவே இருக்கும். சிறிய பழத்தில் சாற்றோடு ஒப்பிடும்போது தோல் அதிகம். நிறமும், துவர்ப்பைத் தரும் டானினும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. மழை பெய்யும் நாட்டில் இதை விதியிடம் விட்டுவிட வேண்டும். பாலைவனத்தில் வால்வைத் திருகிச் செய்யலாம். கொஞ்சம் அளவு தவறினால் இலை உதிர்ந்து குலை வெயிலில் வெந்துவிடும். அதனால் மண் ஈரத்தையும் இலையின் நிலையையும் அன்றாடம் பார்க்கும் ஆள் வேண்டும். கருவி இருந்தால் மட்டும் போதாது.

ஆனால் பழைய முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு ஓடும் மாதங்களில் வரப்பு கட்டி வயலையே தண்ணீரில் நிறைப்பார்கள். பார்ப்பதற்கு அது ஊதாரித்தனம். உண்மையில் அந்த ஒரு செயலில் மூன்று வேலைகள் நடந்தன. மலையிலிருந்து வந்த வண்டல் படிந்து மண்ணுக்கு உயிர் கொடுத்தது. வேர்ப்பகுதியில் சேர்ந்திருந்த உப்பு கழுவப்பட்டுக் கீழே போனது. மீதித் தண்ணீர் இன்னும் கீழே இறங்கி நிலத்தடி நீரை நிரப்பியது. சொட்டு நீரில் இந்த மூன்றுமே நடப்பதில்லை. சொட்டுக் குழாயைச் சுற்றி ஒரு பந்து அளவு மண் நனையும். அதன் விளிம்பில் உப்பு வந்து தங்கும். மழை பெய்யும் ஊரில் ஒரு நல்ல மழை அதைக் கழுவிவிடும். இகாவில் யார் கழுவுவது? திராட்சை உப்பை ஓரளவுதான் தாங்கும். வேர்மண்ணின் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸ் அளவைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்பது பாசனப் படிப்பில் எல்லோரும் கற்கும் எண். ராம்சே, 1103 பால்சன் போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டினால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் உப்பு அங்கேயேதான் இருக்கும்.

அதனால் சொட்டு நீரில் ஆண்டு முழுக்கக் கொடியை வளர்த்து, ஆற்றில் நீர் வரும்போது ஒருமுறை வயலை நிறைத்து உப்பைக் கழுவும் தோட்டத்தை நான் பெரிதும் மதிப்பேன். பாரம்பரியமும் நவீனமும் கலப்பது என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். கால்வாய்த் தண்ணீரில் பங்கு உள்ள பழைய பண்ணைகளுக்கு இது சாத்தியம். ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பி, பள்ளத்தாக்கின் ஓரத்து மணலில் புதிதாகப் போட்ட தோட்டங்களுக்கு இது கடினம்.

கிணறு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1990-களிலிருந்து இகாவில் ஏற்றுமதிக்கான ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறி பரவியது. பிறகு சாப்பிடும் திராட்சை, அவகாடோ, புளூபெர்ரி. உலகின் முன்னணித் திராட்சை ஏற்றுமதி நாடுகளில் பெருவும் ஒன்றானது. இந்த வளர்ச்சி பெரும்பாலும் நிலத்தடி நீரில் நடந்தது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போக, அரசு புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. தடை இருந்தும் இறக்கம் நிற்கவில்லை. ஆழமாகத் தோண்டப் பணம் உள்ளவருக்குத் தண்ணீர், சிறு விவசாயிக்கு வறண்ட கிணறு என்ற நிலை பல இடங்களில் வந்தது. ஒயினுக்கும் பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்துக்குமான தோட்டங்கள் இந்தக் கதையில் சிறிய பங்காளிகள்தான், ஆனாலும் அதே நீரைத்தான் குடிக்கின்றன. ஒவ்வொரு தோட்டமும் சொட்டு நீருக்கு மாறித் தண்ணீரைச் சேமித்தாலும், சேமித்த தண்ணீரில் பரப்பை விரித்தால் நிலத்தடி நீருக்கு நன்மை இல்லை. வெள்ளப் பாசனம் நின்றதால் கீழே இறங்கும் நீரும் குறைகிறது. இது இகாவில் மட்டும் நடப்பதில்லை, வறண்ட நிலப் பாசனத்தில் உலகமெங்கும் பார்த்த விஷயம். சொட்டு நீர் வைத்திருக்கிறோம், அதனால் நாங்கள் சுற்றுச்சூழலுக்கு நண்பர்கள் என்று ஓர் ஆலை சொன்னால், அது பாதிப் பதில்.

சரி, ஆலைக்குள் போவோம். வெயில் ஊர்ப் பழத்தின் பிரச்சினை இனிப்புப் பற்றாக்குறை இல்லை, அமிலப் பற்றாக்குறை. சூட்டில் பழம் புளிப்பைத் தரும் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்திலேயே எரித்துவிடும். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் கருந்திராட்சையின் நிறமியும் ஒழுங்காகச் சேராது. அதனால் இங்கே நவீன முறை ஓர் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்; நல்ல ஒயின் வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது. விடியலுக்கு முன் பறிப்பது, பறித்த பழத்தை உடனே குளிர்விப்பது, குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் வெள்ளை ஒயினை 15 டிகிரியை ஒட்டி மெதுவாக நொதிக்க விடுவது, தேவைப்பட்டால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது. அமிலம் சேர்ப்பதைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். வெப்பமான ஒயின் பகுதிகளில் அது சட்டம் அனுமதிக்கும் சாதாரண வேலை, அந்த அமிலம் திராட்சையிலேயே இருப்பதுதான். இகாவின் சிவப்பு ஒயின்களில் தன்னாத், பெத்தி வெர்தோ போன்ற ரகங்களை அடிக்கடி பார்ப்பீர்கள். தோல் தடித்த, அமிலத்தை அவ்வளவு எளிதில் இழக்காத ரகங்கள் என்பதால் அவை அங்கே பொருந்துகின்றன. தகாமா போன்ற ஆலைகள் 20-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு நிபுணர்களைக் கூப்பிட்டு ஆலோசனை பெற்றன. ஆகவே ஒயினைப் பொறுத்தவரை இகாவில் நீங்கள் குடிப்பது பெரும்பாலும் நவீனம். பாட்டன் காலத்து ஒயின் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயங்குவேன்.

பாரம்பரியம் உயிரோடு இருப்பது பிஸ்கோவில். திராட்சைச் சாற்றை நொதிக்கவிட்டு வடிக்கும் இந்தச் சாராயத்தில் பழமையைச் சட்டமே காவல் காக்கிறது. லிமா, இகா, அரெகீபா, மொகேகுவா, அப்புறம் தாக்னாவின் சில பள்ளத்தாக்குகள். இந்த இடங்களில் மட்டுமே செய்யலாம். எட்டு திராட்சை ரகங்கள் மட்டும். ஒரே ஒருமுறை வடிக்க வேண்டும், வடித்ததில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. 38 சதவீதத்துக்கும் 48 சதவீதத்துக்கும் இடைப்பட்ட சாராய அளவை வடிக்கும்போதே பிடித்துவிட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் கண்ணாடி அல்லது எஃகு போன்ற, சுவையை மாற்றாத பாத்திரத்தில் ஓய்வெடுக்க வேண்டும், மரப்பீப்பாய்க்கு இடமில்லை. தண்ணீர் சேர்க்க முடியாது என்பது வடிப்பவரின் கையில் பெரும் பொறுப்பை வைக்கிறது. முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் எங்கே வெட்டுவது என்பதில் தவறினால் பின்னால் சரிசெய்ய வழியில்லை. ஒரு லிட்டருக்கு ஏழெட்டு கிலோ பழம் போகும். சர்க்கரை முழுதும் நொதிக்கும் முன்பே வடிக்கும் மோஸ்தோ வெர்தே வகைக்கு இன்னும் அதிகம். வடிக்கும் செம்புக் கலத்திலும் இரண்டு மரபுகள் உண்டு: அன்னக் கழுத்து வைத்த அலம்பிக்கே, கழுத்தில்லாமல் சாய்ந்த குழாயோடு இருக்கும் பழைய ஃபால்கா. இரண்டையும் சட்டம் ஏற்கிறது.

பிஸ்கோவின் முக்கிய ரகமான கெப்ராந்தாவைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் இருக்க முடியவில்லை. மரபணு ஆய்வின்படி அது ஸ்பெயினிலிருந்து வந்த லிஸ்தான் பிரியேத்தோவும் மொயார் ரகமும் தாமாகவே கலந்து பெருவிலேயே பிறந்தது. அந்த மண்ணில் பிறந்த கொடி என்பதால் வெயிலையும் வறட்சியையும் அது தாங்கும் விதமே தனி. ஐரோப்பிய ரகங்களுக்கு எத்தனை கருவி வைத்தாலும் இந்தப் பொருத்தம் வாங்கக் கிடைக்காது.

இனி சந்தேகத்துக்குரியவை. தென் அமெரிக்காவின் மிகப் பழமையான தோட்டம் என்ற பட்டத்தை எச்சரிக்கையோடு படியுங்கள். நிலம் பழையதாக இருக்கலாம், கொடிகள் பலமுறை மாற்றி நடப்பட்டவை. பாலைவன மண்ணின் கனிமச் சுவை ஒயினில் வருகிறது என்பதற்கு நேரடி ஆதாரம் பலவீனமானது. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் சுவையைப் பாதிப்பது உறுதி. மண்ணின் தாதுக்கள் நாக்கில் தெரிகின்றன என்பது வேறு விஷயம். தோட்டத்து இயற்கை ஈஸ்ட் அந்த ஊரின் தனிச் சுவையைத் தருகிறதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. காலால் மிதித்துச் சாறு எடுப்பது விதையை நசுக்காது என்பது உண்மை. நல்ல காற்றுப்பை அழுத்தியும் விதையை நசுக்காது. பக்கவாட்டில் சாய்த்து வைத்த பொத்திகா என்னும் மண்ஜாடிகள் பல ஆலைகளில் இன்று பார்வைக்குத்தான். ஒயின் எனக்குப் பிடித்திருந்தது, பிடிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியும். நான் பார்க்காத ஒரு குறிப்பிட்ட ஆலை நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

நேரில் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் பிப்ரவரி அல்லது மார்ச்சில் போங்கள். அறுவடையும் நடக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். சுவைக்கும் மேசைக்குப் போகும் முன் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கால்வாயிலிருந்தா, கிணற்றிலிருந்தா? கிணறு என்றால் பத்து ஆண்டுக்கு முன் எத்தனை மீட்டரில் நீர் கிடைத்தது, இப்போது எத்தனை மீட்டர்? உப்பை எப்போது, எப்படிக் கழுவுகிறார்கள்? மொட்டு வெடிக்க என்ன பூசுகிறார்கள், பூசுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை உண்டா? வரிசையின் கடைசியில் இருக்கும் கொடிகளின் இலை விளிம்பு கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு முதலில் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். தலைமுறைகளாக நிலத்தில் இருக்கும் குடும்பம் என்றால் கிணற்றின் ஆழம் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்லத் தயங்கவும் மாட்டார்கள்.